வாசல் கழுவு படலம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வாசலைக் கழுவ இறங்குகிறவர், முதலில் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். சிமெண்ட் லாரியைத் திட்டலாம். செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் கரிசல் மண்ணைத் திட்டலாம். ஐப்பசி மழையில் பச்சையாகப் படர்ந்து, கார்த்திகையில் மாமியாரைச் சறுக்கி விழவைக்கும் பாசியைத் திட்டலாம். நியாயமாகப் பார்த்தால் திட்ட வேண்டியது கடலைத்தான்.

ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்தப் பக்கம் வந்தது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் எல்லாம் அதன் கைவசம். பட்டா இல்லை, சிட்டா இல்லை, வந்து உட்கார்ந்துகொண்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் குடியிருந்துவிட்டுக் கிளம்பும்போது சிப்பி, நத்தை, சுறாப்பல், சுருள் சுருளான அம்மோனைட் எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனது. அட்வான்ஸை ஒரு பைசா விடாமல் வாங்கிக்கொண்டு, வீட்டைக் கூட்டாமல் காலி செய்யும் குடித்தனக்காரர் மாதிரி. கல்லங்குறிச்சிப் பக்கம் அந்தச் சிப்பிகள் இன்னமும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதுதான் சுண்ணாம்புக்கல். அந்தச் சிப்பி இன்று உங்கள் வாசலில் பேவர் பிளாக்காகப் படுத்திருக்கிறது, லாரியிலிருந்து தூசியாக அதன்மேலேயே விழுகிறது, போர்வெல் வழியாக உப்புத் தண்ணீராக ஏறிவந்து அதைக் கழுவித் தருகிறேன் என்கிறது. தரையும் அதுவே, கறையும் அதுவே, தண்ணீரும் அதுவே. வேதாந்தம் ஒன்றுமில்லை, வெறும் வேதியியல்.

உழும்போது தட்டுப்பட்ட சிப்பியைத் தூக்கி வரப்பில் போட்டுவிட்டு நம்மவர்கள் அடுத்த சாலுக்குப் போய்விட்டார்கள். வெள்ளைக்காரர்களால் அப்படிப் போக முடியவில்லை. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு உத்தியோகஸ்தர்கள் ஊர் ஊராகப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். கடல் விட்டுப்போன குப்பையை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து 1862-ல் அறிக்கையே எழுதிவிட்டார். அந்தப் பெயர்கள் இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. இதே மனிதர்தான் 1875-ல் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரானார். அரியலூர் வெயிலில் நின்று சிப்பி எண்ணிய ஒருவருக்கு, மிச்ச வாழ்நாளெல்லாம் மழை எப்போது வரும் என்று விசாரிக்கத் தோன்றியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மழை வந்தால் இந்த மண்ணில் என்ன நடக்கும் என்பதைக் காரையில் பார்க்கலாம். மேல்மண்ணைச் சீவிச் சீவி, செம்பழுப்பாக ஓடை ஓடையாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, வாரண்டி கார்டும் இல்லை. வானத்துத் தண்ணீர் ஒன்றே. அதுவும் பத்தாது என்று இங்கே ஒரு டைனோசரையே கரைத்த பெருமை நமக்கு உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980-களில் ஒரு பிராணியைப் பதிவு செய்தார்கள். பெயர் புருஹத்காயோசாரஸ். ‘பெரிய உடம்புக்காரன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை மாமிசம் தின்னும் ஜாதி என்றார்கள். பின்னால் வந்தவர்கள், இல்லையில்லை, இது நீண்ட கழுத்துள்ள சைவப் பிராணி என்று மாற்றிவிட்டார்கள். செத்து ஆறேழு கோடி ஆண்டுக்குப் பிறகு அசைவத்திலிருந்து சைவத்துக்கு மாறிய ஒரே அரியலூர்க்காரர் அவராகத்தான் இருக்கும். அளவைக் கணக்கிட்டவர்கள் நூறு டன்னுக்கு மேல் இருக்கலாம் என்றார்கள். உலகத்திலேயே பெரிய தரைப் பிராணி நம்மூர் என்று பேனர் அடிக்கலாம் என்றால் எலும்பைக் காட்ட வேண்டுமே? அது மண்ணிலிருந்து எடுத்துக் கட்டிய பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. மிச்சம் சில படங்களும் ஒரு சண்டையும்தான். நூறு டன் பிராணியின் எலும்புக்கே இந்தக் கதி என்றால், ஆறு சென்டிமீட்டர் பேவர் பிளாக்கை என்ன பாடுபடுத்தலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரித்திரத்துக்கு வருவோம். தண்ணீரை வைத்து ஆடம்பரம் செய்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் ராஜேந்திர சோழனுடையது. 1014 முதல் 1044 வரை ஆண்டவர். அப்பாவின் தஞ்சாவூர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா கட்டிய வீட்டில் எத்தனை நாள் இருப்பது? காடுமேடாகக் கிடந்த இடத்தில் கங்கைகொண்ட சோழபுரம் என்று புதுத் தலைநகரம், புதுக் கோயில், புது ஏரி. இந்தப் புதுமனைப் புகுவிழாவுக்குத் தெளிக்கத் தண்ணீர் வேண்டும். கொள்ளிடம் பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் ஒரு குடம் மொண்டு வந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்திருக்கும். ராஜேந்திரன் படையைக் கங்கைக்கு அனுப்பினார். தோற்ற ராஜாக்களின் தலையிலேயே குடத்தை ஏற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரின் பெருமையைச் சொல்ல ஒரு ஏரி, சோழகங்கம். இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். அதை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. வாசல் தெளிக்கிற தண்ணீருக்கு இவ்வளவு போக்குவரத்துச் செலவு செய்த ஆள் உலகத்தில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கவனியுங்கள், ராஜேந்திரனிடம் தண்ணீர் இருந்தது, படை இருந்தது, பார் இல்லை. பார் என்றால் அழுத்தத்தின் அளவு. பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் கீழே குழாயில் ஏறத்தாழ ஒரு பார் கிடைக்கும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம் சுமார் 55 மீட்டர். அதன் உச்சியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றினாலும் (தொல்லியல் துறையினர் மன்னிக்க) ஐந்தரை பார்தான். இன்று கடையில் விற்கும் வீட்டு பிரஷர் வாஷர் 120 பார் என்கிறது. அதற்கு விமானத்தின்மேல் விமானமாக இருபத்திரண்டு அடுக்க வேண்டும். பச்சைமலை உச்சியிலிருந்து குழாய் இழுத்தாலும் நூறு பாரோடு நின்றுவிடும். கடாரம் வரை கப்பல் விட்டவருக்குக் கிட்டாத சமாசாரம், இன்று மஞ்சள் பெட்டியிலும் பச்சைப் பெட்டியிலும் மாதத் தவணையில் கிடைக்கிறது.

அடுத்த காட்சி 1836. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்ட வேண்டும். திட்டம் ஆர்தர் காட்டனுடையது. அணைக்குக் கல் வேண்டும். மலையைத் தேடிப் போவானேன், பக்கத்திலேயே ஒரு ராஜா எண்ணூறு ஆண்டுக்கு முன்னால் செதுக்கி, சதுரம் பார்த்து, அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே! கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர்களுக்குக் கோயில் மதில் கோயில் மதிலாகத் தெரியவில்லை, கொட்டேஷன் கேட்காமல் கிடைத்த ரெடிமேட் கல்லாகத் தெரிந்தது. ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவமதிப்பு என்று அவர்களுக்குத்தான் தண்டனை. சமாதானமாக ஒரு வாக்குறுதி: எடுத்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம். அந்த மதில் வரவில்லை என்று 1855-லேயே அச்சில் புலம்பியிருக்கிறார்கள். கோப்பு இன்னும் சுற்றில் இருப்பதாக நம்புவோம். ராஜேந்திரன் கங்கையைக் கல்லிடம் கொண்டுவந்தார், காட்டன் கல்லைக் கொள்ளிடத்திடம் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் மிக நீண்ட காலமாக நிற்காமல் பிரஷர் வாஷ் வாங்கிக்கொண்டிருக்கும் சோழர் கற்கள் அவைதாம். பாசி மட்டும் போனபாடில்லை.

இந்த ராஜாக்களும் துரைகளும் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சாதாரண வீட்டு வாசலின் நிலவரம் என்ன? பிரமாதமாக இருந்தது. மண் வாசல். விடிவதற்கு முன் ஒரு பெண் எழுந்து, சாணி கரைத்துத் தெளித்து, பெருக்கிக் கோலம் போட்டுவிடுவாள். பத்து லிட்டர் தண்ணீர், பூஜ்யம் வாட், சத்தம் ‘சளப் சளப்’ மட்டும். அந்த வாசல் அழுக்காகவே ஆகாது. ஏனென்றால் அழுக்கையே மேல்பூச்சாக வைத்திருந்த உயர்ந்த தொழில்நுட்பம் அது. எண்ணெய்க் கறையா, நாளைக் காலை அதன்மேல் ஒரு பூச்சு. கோழி எச்சமா, அதன்மேலும் ஒரு பூச்சு.

அந்தப் பல நூற்றாண்டுகளில் வீட்டு ஆண்பிள்ளை எவரும் வாசல் தெளித்ததாகக் கல்வெட்டு, செப்பேடு, ஓலை எதிலும் நான் படித்ததில்லை. வாசல் கழுவுவது ஆண்களின் கௌரவமான ஞாயிற்றுக்கிழமை வேலையாக மாறியது, அந்தக் கருவிக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடியும் விசையும் வந்த பிறகுதான். பெட்டியிலேயே அதற்கு ‘கன்’ என்றுதான் பெயர். விளக்குமாற்றுக்கும் ஒரு விசை வைத்துக் கொடுத்திருந்தால் சமூக வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

மண் வாசலுக்கு முடிவு கட்டியது சிமெண்ட். கடல் விட்டுப்போன குப்பையை ஒரு வழியாகக் காசாக்கும் வித்தை கண்டுபிடித்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சூடேற்றினால் கிளிங்கர், அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். அந்த ஜிப்சமும் காரைப் பக்கத்துக் களிமண்ணிலேயே கோடு கோடாகக் கிடக்கிறது. கடல் எவ்வளவு யோசித்துக் குப்பை போட்டிருக்கிறது பாருங்கள். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் அரியலூர் ஆலை 1979-ல் ஓடத் தொடங்கியது. பிறகு ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று வரிசையாக வந்தார்கள். வீடுகள் நிமிர்ந்தன. திண்ணை போய் சிட்-அவுட் வந்தது, முற்றம் போய் போர்டிகோ வந்தது, வாசலில் பேவர் பிளாக் படுத்தது. சாணி தெளிக்க முடியாத வாசல் முதல்முறையாக அழுக்கானது.

இதற்கிடையில் ஒரு நிர்வாகக் கழுவலும் நடந்தது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1-ல் அதிலிருந்து அரியலூர் மாவட்டம் பிரிந்தது. 2002 மார்ச் 31-ல் சுத்தமாகத் துடைத்துப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் அரியலூர் மேலே வந்துவிட்டது. சில கறைகள் போகாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம். (அரியலூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், போகாதது பெருமைதான்.) பெயர்ப் பலகை எழுதுகிறவர்களுக்கு அந்த ஏழு வருஷம் பொற்காலம்.

இனி இயந்திரத்தின் பூர்வீகம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பிட்ஸ்பர்க்கில் ஃபிராங்க் ஓஃபெல்ட் என்ற ஆசாமி 1926 வாக்கில் கொட்டகையில் நீராவியை வைத்து எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தாராம். விஸ்கி என்கிறது கதை. நீராவி பீறிட்டுத் தரையில் பட்ட இடத்தில் கிரீஸ் கறை காணாமல் போயிருந்தது. அவர் விஸ்கியை மறந்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அதுதான் மேதைக்கும் மற்றவருக்கும் வித்தியாசம். நம்மூரில் இதே மாதிரி காய்ச்சியவர்கள் எத்தனையோ பேர், ஒருவராவது குனிந்து தரையைப் பார்த்தாரா? ஓஃபெல்ட் செய்த இயந்திரத்துக்கு ஜென்னி என்று பெயர் வைத்து விற்றார்கள்.

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கெர்ஹர், விமான எஞ்சின்கள் குளிர்ந்துவிடாமல் சூடேற்றும் கருவி செய்துகொண்டிருந்தவர். போர் முடிந்ததும் விமானமும் இல்லை, வேலையும் இல்லை. அமெரிக்கப் பட்டாளத்தின் நீராவிக் கழுவிகளைப் பழுது பார்த்துக் கொடுத்தார். பழுது பார்க்கிறவன் சும்மா இருப்பானா? 1950-ல் தானே ஒன்று செய்துவிட்டார், சுடுநீரில் ஓடும் உயர் அழுத்தக் கழுவி. வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிற சைஸில் அவர் தொடங்கிய கம்பெனி ஒன்றைக் கொண்டுவர 1984 வரை ஆனது. நடுவே 1980-ல் ரியோ நகரத்து ஏசுநாதரைக் குளிப்பாட்டினார்கள். 2005-ல் ரஷ்மோர் மலையில் நான்கு அமெரிக்க ஜனாதிபதிகளுக்கு முகம் கழுவிவிட்டார்கள். அதே 2005-ல் பிரான்ஸின் உள்துறை அமைச்சராக இருந்த சார்க்கோசி, ஒரு புறநகரைக் கெர்ஹர் இயந்திரத்தால் கழுவுவேன் என்கிற ரீதியில் பேசப்போக, எங்கள் பெயரை அரசியலில் இழுக்காதீர்கள் என்று கம்பெனியே கெஞ்ச வேண்டியதாயிற்று. விளம்பரம் வேண்டாம் என்று ஒரு கம்பெனி சொன்னது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. பருத்திக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் ஏறத்தாழ இதன் ஒன்றுவிட்ட அண்ணன். அதே பிஸ்டன் பம்ப், அதே ஹோஸ், நுனியில் மட்டும் வேறு குழல். டூவீலரைக் கொண்டுபோய் நிறுத்தும் வாட்டர் சர்வீஸ் கடையில் பெல்ட் போட்டு ஓடுவதும் அந்தக் குடும்பம்தான். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைவீதிக்குப் போய் நாம் கேட்கிற பேச்சு இப்படி இருக்கிறது:

“சார், இது 200 பார். பாறையையே பேத்துரும்.”

“எனக்குப் பாறை பேர்க்க வேணாம்ங்க. வாசல் கழுவணும்.”

“அப்ப இன்னும் ஈஸி சார்.”

இந்த வியாபாரத்தின் மொத்த வரலாற்றுப் பிழையும் இந்த மூன்று வரியில் இருக்கிறது. இந்த மண்ணில் அழுத்தத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. மழையிடம் அது இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இருந்தது. அழுத்தம் வந்தபோதெல்லாம் கறை அப்படியே இருந்து, இருக்க வேண்டியது போய்விட்டது. எலும்பு போனது, மதில் போனது. ஆகவே பார் எவ்வளவு என்பதைவிட, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். அழுக்கைப் பெயர்ப்பது அழுத்தம், பெயர்ந்ததைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீர். லிட்டர் குறைந்தால், கரிசல் சேறு வாசலின் தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பெட்டியில் அச்சடித்திருப்பதைச் சோதிக்க ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. பாரை நிமிஷ லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி கிலோவாட்டில் வரும். 120 பார், ஆறரை லிட்டர் என்றால் 1.3 கிலோவாட். 1,800 வாட் மோட்டார் அதைச் செய்யும், நம்பலாம். 200 பார், பத்து லிட்டர், மோட்டார் 1,500 வாட் என்று போட்டிருந்தால்? கணக்குப்படி 3.3 கிலோவாட் வேண்டும். மீதி எங்கிருந்து வரும், கங்கையிலிருந்தா? பெரும்பாலும் அந்த 200 என்பது ‘மேக்ஸ்’. வேலை செய்யும்போது இருக்கிற அழுத்தம் சின்ன எழுத்தில் வேறொரு மூலையில் இருக்கும். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் ஜெயித்த ஊர்களை மட்டும்தான் வரிசையாகச் சொல்லும்.

வாசல் அளவுக்கு 100 முதல் 130 பார், ஆறேழு லிட்டர், தாராளம். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது லிட்டர் ஓடிவிடுகிற ஊரில், ஒரு மணி நேரம் முழுக்க அடித்தாலும் நானூறு லிட்டரோடு முடிகிறதென்றால் அது சிக்கனம்தான். சித்திரை மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முறைக்காமல் இருப்பார் என்று மட்டும் உத்தரவாதம் கிடையாது.

மோட்டாரில் இரண்டு ஜாதி. கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார் இலேசானது, மலிவானது, தெருமுனை வரை கத்தும். கால் மணி நேரம் ஓட்டிக் கொஞ்சம் ஆற விட வேண்டும். இண்டக்ஷன் மோட்டார் கனம், விலை கூட, ஆனால் அடக்கமாகப் பேசும், நீண்ட நேரம் உழைக்கும். முந்நூறு சதுர அடி போர்டிகோவுக்கு முதல் ஜாதி போதும். களத்துமேடு அளவுக்கு வாசல் வைத்திருப்பவர்கள் இரண்டாவதற்குப் போகலாம். எதுவானாலும் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியரை நெருங்குகிறது. செல்போன் சார்ஜருக்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பதைத் தைரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட நம்மூருக்கு முக்கியம் தண்ணீர். இந்த இயந்திரம் வெளிநாட்டில் பிறந்தது, அரியலூர் போர்வெல்லைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. கடல் விட்டுப்போன அதே சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து வந்து, நாஸிலின் ஊசிக்கண் துவாரத்தில் வெள்ளையாகப் படிந்து உட்காரும். பத்துக் கோடி ஆண்டு அனுபவம் உள்ள எதிரி. முகப்பில் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டர் உள்ள மாடலாகப் பாருங்கள். வாளியிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தானே உறிஞ்சிக்கொள்ளுமா என்று கேளுங்கள், ஏனென்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதிலிருந்து எடுப்பது உத்தமம். நாஸில் அடைத்தால் வினிகரில் கொஞ்சநேரம் ஊறப்போடுங்கள், ஊசியால் குத்தித் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது.

கூடவே வரும் வண்ண வண்ண நாஸில்களில் சிவப்பு என்பது பூஜ்யம் டிகிரி, தண்ணீர் ஒரே கோடாக வரும். வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. செருப்பைக் கிழிக்கும், காலைக் கிழிக்கும். தோலுக்குள் தண்ணீரே புகுந்துவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வெள்ளை நாற்பது டிகிரி, விசிறி மாதிரி விரியும். ஒரு முழம் தள்ளி நின்று வாசலுக்கு அதை அடித்தால் போதும். கிட்டே கொண்டுபோனால் பேவர் பிளாக்குகளின் இடுக்கில் கொட்டி வைத்த மணல் எல்லாம் வெளியே வந்துவிடும், அடுத்த மழையில் கல்லுக்குக் கல் ஆட்டம் கொடுக்கும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்தவர்கள் அங்கே இதைக் கொண்டே போகாதீர்கள். ஓட்டின் இடைப்பூச்சைப் பெயர்த்துவிட்டு, மாடியைக் கழுவிய தண்ணீரைக் கட்டிலில் படுத்தபடியே பார்க்க நேரும்.

ஒன்று மட்டும் எந்த பாருக்கும் மசியாது. பேவர் பிளாக்கில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து நிற்குமே, அது மேலே விழுந்த அழுக்கு அல்ல, சிமெண்டுக்குள்ளிருந்து வெளிவரும் சுண்ணாம்பு. இன்று அடித்தால் போகும், காய்ந்ததும் மறுபடி எட்டிப்பார்க்கும். சிலர் கோபத்தில் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். பக்கத்தில் கடப்பா கல் பதித்திருந்தால் அதன் பளபளப்பும் போயிற்று. ஏனென்றால் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான். கடலின் சொந்தக்காரர்கள் ஆந்திராவிலும் இருக்கிறார்கள்.

கல்லைச் சுத்தம் செய்கிற வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் கோயில்களே சாட்சி. குடமுழுக்கு வருகிறதென்றால் தூணில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சும் போக வேண்டும். அதற்கு மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் முறை ஒன்று பரவியது. தூண் புதிதாகப் பளிச்சென்று வந்தது. கூடவே கல்லின் மேல்தோல் உதிர்ந்தது, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. நிலம் கொடுத்தவர் யார், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் யார் என்று ஆயிரம் வருஷம் சொல்லிக்கொண்டிருந்த சுவர் ஒரே மத்தியானத்தில் ஊமையானது. கூச்சல் எழுந்த பிறகு அறநிலையத் துறை மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தது. பழைய வீட்டில் கல்தூணோ ரெட் ஆக்சைடு திண்ணையோ வைத்திருக்கும் பாக்கியசாலிகள், அங்கே தேங்காய் நார், துணி, பொறுமை மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு எதை வாங்கலாம் என்று கேட்டால், முதலில் ஒரு வருஷத்தில் எத்தனை தரம் கழுவப்போகிறீர்கள் என்று கேட்பேன். வாங்கிய மாதம் வாரம் ஒருமுறை நடக்கும். வாசல், கார், காம்பவுண்டு, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, எருமை இருந்தால் எருமை. அடுத்த மாதம் மாடிப்படிக்கு அடியில் போய்விடும், தண்ணீர் வடிக்காமல் வைத்த பம்பில் உப்பு உறைந்து அடுத்த வருஷம் மூச்சே விடாது. காரும் பெரிய வாசலும் இருந்து, மாதம் ஒருதரம் உண்மையிலேயே கழுவுகிறவர் 120 பார் இயந்திரம் ஒன்றை, உள்ளூரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வாங்கலாம். வட்டமாகத் தட்டு மாதிரி ஒரு மூடி வைத்த தரைக்கழுவி கூட வந்தால் நல்லது, சேறு சுவரில் தெறிக்காது. மற்றவர்கள் தெருமுனை வாட்டர் சர்வீஸ்காரரிடம் பேசிப் பாருங்கள். இயந்திரத்தையும் ஆளையும் சேர்த்து அரை நாள் வாடகைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மழை முழுக்க விட்டு, பாசி வளர்ந்து முடிந்த மார்கழியில் ஒருமுறை அடித்தால் வருஷத்துக்குப் போதும். ஆனால் போகிக்கு முந்தின வாரம் போய் நின்றால் கிடைக்காது. ஊரே அப்போதுதான் வாசலைப் பார்க்கும். ஆயுத பூஜை சமயத்திலும் அப்படியே, அவர் லாரி கழுவிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு ஊரிலும் லாரிக்குத்தான் முதல் மரியாதை.